கழிவுக் கல்

முதலில் அவள் சந்தேகப்பட்டது பூனையை.

பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை மதில் மேல் உட்கார்ந்து வாலை நக்கிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியை எடுத்து வீசினாள். செய்யாத குற்றத்துக்கு அடிபட்ட மிடுக்கோடு அது அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. நாற்றம் மட்டும் போகவில்லை.

அடுத்தது சாக்கடைக் குழாய். மூடியைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அங்கே சோப்பு நுரையின் வாடைதான் இருந்தது.

மூன்றாவதாகச் சந்தேகம் ஒரு மனிதர் மேல் போனது. நினைத்த மாத்திரத்தில் அவளுக்கே உடம்பு கூசியது. ஆனாலும் கால்கள் மாமனாரின் அறைப் பக்கம் நடந்தன.

மூக்கி என்றுதான் அந்த வீட்டில் அவளைக் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, மூடியிருந்த பாத்திரத்தைத் திறக்காமல் பால் திரிந்துவிட்டது என்று சொன்னவள். மாமனார் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. முன்பின் தெரியாதவர்கள் சின்னச் சின்ன டப்பாக்களில் கொண்டுவந்து நீட்டுவதையெல்லாம் சிரித்த முகத்தோடு வாங்கி வைக்க வேண்டும். அங்கே முகம் சுளித்தால் வேலை போய்விடும். அதனால் சுளிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து, வீட்டுக்கு வந்து சுளிப்பாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் வருகிற நாள்.

போன வாரம் நாத்தனார் இதே பின்தோட்டத்துச் சேற்றில் செருப்பின் குதிகால் மாட்டிக்கொள்ள, ஒற்றைக் காலில் நின்றபடி கெடு வைத்துவிட்டுப் போனது ஞாபகமிருக்கும். "அப்பா தினம் ரெண்டு வேளை சமமான தரையில நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உள்ள இடமில்ல, வெளிய சேறு. அடுத்த ஞாயித்துக்கிழமை வருவேன். தரை இருந்தா அப்பா இங்க இருக்கட்டும். இல்லேன்னா என்கூட வரட்டும்."

பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு மாமனார் முன்போல வம்பளப்பதில்லை. மகளின் கார் கிளம்பிய பிறகுதான் வாயைத் திறந்தார். "அவ வீட்டு எட்டாவது மாடியில என்கூடப் பேசுறது லிஃப்ட் ஒண்ணுதான். அதுவும் கதவை மூடுங்கன்னு மட்டும்தான் சொல்லும்."

அதைக் கேட்டு மூக்கி சிரித்தாள். சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதாள்.

உள்ளே இடமில்லாததற்கும் காரணம் உண்டு. கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு சோபா கிடந்தது. நாத்தனாரின் கணவர் புதுசு வாங்கியபோது தள்ளிவிட்ட பழசு. யானை படுத்த மாதிரி இருக்கும். சக்கரம் வைத்த நடைவண்டி அதைத் தாண்டிப் போகாது. ஆனால் பெரிய இடத்திலிருந்து வந்த பொருள், நகர்த்தினால் அக்கா என்ன நினைப்பாளோ என்று அவள் கணவன் அதன் மேல் ஒரு விரிப்பைப் போட்டு மரியாதை செய்துகொண்டிருந்தான்.

ஆக, பின்தோட்டத்தில் தளம் பாவியே ஆக வேண்டும். கையில் இருந்த பணத்துக்குள்.

மூன்று நாள் சாயங்காலமும் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இன்டர்லாக் கல் அழகாக இருந்தது. விலையைக் கேட்டதும் கணவன் அதைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தான். ஜல்லி மலிவு. ஆனால் நடைவண்டிச் சக்கரம் புதைந்துபோகும். பழைய செங்கல்லில் பாசி பிடிக்கும்; ஒரு மழைக்கு மாமனார் மல்லாந்துவிடுவார். சிமெண்ட் பலகை கட்டுப்படியாகும் போல இருந்தது, ஆனால் அடியில் போட வேண்டிய மணல், கலவை, கூலி என்று கடைக்காரர் விரலை மடக்க மடக்க, அவள் கணவனின் முகமும் மடங்கிக்கொண்டே வந்தது.

புதன்கிழமை அவள் வேலையிலிருந்து வந்தபோது, பின்கட்டில் கருங்கல் பலகைகள் அடுக்கியிருந்தன. கணவன் மாப்பிள்ளைத் தோரணையில் நின்றான்.

"எப்படி?" என்றாள்.

"கழிவு!" என்றான். முகமெல்லாம் பல்.

தள்ளுபடிக்கு அந்த வீட்டில் கழிவு என்றுதான் பெயர்; தித்திப்பான வார்த்தை. அவன் துணிக்கடை விற்பனையாளன். வருஷத்தில் பாதி நாள் அவன் கடை வாசலில் 'சிறப்புக் கழிவு' என்று சிவப்புத் துணியில் எழுதித் தொங்கும். இந்தத் தொடரின் தொடக்கத்தில், மஞ்சள் சேலை ஒன்றைப் பார்த்துப் பார்த்து மடித்து வைத்த ஒரு பெண்ணுக்கு, போர்டில் இல்லாத கழிவைக் கொடுத்துவிட்டுத் தன் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னானே, அந்த ஆள்தான். இன்றைக்கும் விலை குறைவாக நல்லது எது கிடைத்தாலும் இருவருக்கும் அது 'கழிவு'தான்.

வெள்ளிக்கிழமை கொத்தனார் தளத்தை முடித்தார். சனிக்கிழமை மாமனார் அதன் மேல் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். திரும்பி நின்று, "இடைவேளை!" என்று கத்தினார். நாற்பது வருஷம் சினிமா தியேட்டரில் படம் ஓட்டிய ஆபரேட்டர். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் போட்ட முதல் சத்தம் அது.

சாயங்காலம் மூவரும் அங்கேயே நாற்காலி போட்டு டீ குடித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இன்று காலை, வருகிறவர்கள் பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டுமே என்று மூக்கி சோப்புப் பொடியைத் தூவி, வெந்நீர் ஊற்றித் தளத்தைத் தேய்த்துக் கழுவினாள். வெயில் ஏறியது. நாற்றமும் ஏறியது.

*

மாமனார் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூக்கி பூனை நடை நடந்து கட்டில் அருகே போனாள். போர்வையின் நுனியைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தாள்.

"என்ன மூக்கி, கண்டுபிடிச்சுட்டியா?"

அவள் துள்ளி நிமிர்ந்தாள். "இல்ல மாமா. போர்வை அழுக்கா இருக்கேன்னு..."

"நேத்துதானே மாத்துன."

மாமனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்கும் வருதும்மா அந்த நாத்தம். காலையிலேர்ந்து வருது. நான்தானோன்னு ரெண்டு தடவை தடவிப் பாத்துட்டேன். ஈரம் ஒண்ணும் தெரியல. ஆனா இந்தப் பக்கம் மரத்துப்போன உடம்பு. அது என்ன செய்யுதுன்னு எனக்கே சொல்லிட்டா செய்யுது?"

"ஐயோ மாமா, அப்படியெல்லாம் இல்ல."

"அலமாரி மேல என் பை இருக்கும். அதை இறக்கிக் குடு. வர்றவ வந்ததும் அவகூடக் கிளம்பிடறேன். நீ டப்பா டப்பாவா அங்கயும் முகர்ந்துட்டு வந்து, இங்கயும் என்னை முகரணுமா?"

குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இல்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

மூக்கி வெளியே ஓடி வந்தாள். தன் மூக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. பெற்ற மகளைப்போல வைத்துக்கொண்ட மனிதரை, திருடனைச் சோதனை போடுவதுபோல் முகர்ந்து பார்த்திருக்கிறாள். அதை அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

தோட்டத்துப் படியில் உட்கார்ந்தாள். காலுக்குக் கீழிருந்து ஒரு சூடான அலை கிளம்பி வந்து முகத்தில் அறைந்தது.

மண்டி போட்டாள். குனிந்து, கல்லுக்கு ஒரு சாண் உயரத்தில் மூக்கைக் கொண்டுபோனாள்.

அது பூனை இல்லை. சாக்கடை இல்லை. மாமனாரும் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் எத்தனை டப்பா பார்த்திருக்கிறாள்! இது ஒருவருடையது அல்ல. ஓர் ஊருக்கே உரியது. வருஷக்கணக்கில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறிக் கல்லோடு கல்லாகிப்போனது. வெந்நீரும் வெயிலும் பட்டதும் தூக்கம் கலைந்து எழுந்திருக்கிறது.

அவள் கண்களுக்கு இப்போது எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு பலகையிலும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தேய்ந்த பள்ளங்கள்; ஓர் ஆள் காலை அகட்டி நிற்கிற அளவுக்கு. ஓரமாக ஒரு வாய்க்கால் கோடு. மூலையில் கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைத்த வட்ட ஓட்டை. கடைசி வரிசையில், வேலி ஓரமாக, தலைகீழாகக் கறுப்புச் சாயத்தில் ஓர் எழுத்து: 'ஆ'. கல் அங்கே உடைந்திருந்தது. மிச்ச எழுத்துகள் எங்கேயோ.

மிச்சம் என்னவென்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

நேற்று இந்தத் தளத்தில் செருப்பில்லாமல் நடந்தாள். அதே காலோடு கட்டிலில் ஏறிப் படுத்தாள். நேற்று டீ குடிக்கும்போது கை தவறிக் கீழே விழுந்த பிஸ்கட்டை எடுத்து, ஊதிவிட்டு...

வேலி ஓரம் போய்க் குமட்டினாள்.

சத்தம் கேட்டுக் கணவன் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். "என்னாச்சு? வாந்தியா?" அவன் கண்ணில் ஒரு மின்னல். "ஏய்... விசேஷமா?"

"விசேஷம்தான். இந்தக் கல்லை எங்க வாங்குனீங்க?"

"சொன்னேனே, கழிவு."

"கடையில என்ன எழுதியிருந்துச்சு? அப்படியே சொல்லுங்க."

"'கழிவுக் கற்கள்'னு போர்டு இருந்துச்சு. மத்ததெல்லாம் முழு விலை. இது மட்டும் தனியா ஒரு மூலையில. கழிவு எவ்வளவுன்னு கேட்டேன். கடைக்காரன் ஒரு மாதிரிப் பாத்துட்டு, 'மொத்தமும் கழிவுதான்'னான். அடேயப்பா, மொத்தத்துக்குமான்னு சந்தோஷமா..." அவன் குரல் தேய்ந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தான். காலடியைப் பார்த்தான். மூச்சை இழுத்தான்.

பிரஷ் கையிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவருமே அதை எடுக்கவில்லை.

"அந்த 'ஆ'வைப் பாத்தீங்களா?"

"கொத்தனார் ஏதோ அடையாளம் போட்டிருப்பாருன்னு நெனச்சேன்."

"ஆண்கள்னு எழுதற அளவுக்கு உங்க கொத்தனாருக்கு என்னங்க அவசரம்?"

கணவன் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். "அப்பாவோட தியேட்டரை இடிச்ச கல்லுன்னு அத்தான்தான் இடத்தைச் சொன்னாரு. அப்பா நாப்பது வருஷம் நடந்த கல்லு, வாசல் மண்டபத்துக் கல்லா இருக்கும்னு நான் நெனச்சுக்கிட்டேன். உன்கிட்டகூடச் சொல்லல. இன்னைக்கு அக்கா முன்னாடி அப்பாகிட்டச் சொல்லி... அவர் முகத்தைப் பாக்கணும்னு..."

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் என்று திறந்த வாயை மூக்கி மூடிக்கொண்டாள். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த மஞ்சள் சேலை முட்டாள்தனத்தின் சொந்தத் தம்பி இது. அதை எப்படித் திட்டுவது?

"எந்திரிங்க. முதல்ல மாமாகிட்டப் போய்ச் சொல்லணும். அவர்..."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

*

நாத்தனாரின் கணவர் கட்டடம் இடிக்கிற கான்ட்ராக்டர். இன்று காரில் வரவில்லை. மாமனாரின் கட்டில், நடைவண்டி எல்லாம் ஏற்ற வசதியாகப் பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டியிலேயே வந்திருந்தார். வேலையாட்கள் இருவர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். தரையைப் பார்த்துத்தான் முடிவு என்று சொன்னது சும்மா என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

நாத்தனார் இறங்கினாள். கையில் பெரிய பெட்டி. "அப்பா துணியெல்லாம் வைக்க," என்றாள், யாரும் கேட்காமலே. மூக்கி வாங்கப் போனபோது கொடுக்காமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி தானே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அறைக்குள் காலை வைத்ததும் முந்தானை மூக்குக்குப் போயிற்று. தோட்டத்துப் பக்க ஜன்னல் திறந்தே கிடந்தது.

"கடவுளே! என்ன நாத்தம் இது! அப்பா, உங்களைக் குளிப்பாட்டி விடக்கூட இங்க ஆளில்லையா?" திரும்பி மூக்கியை முறைத்தாள். "ஊருக்கே பேர்போன மூக்கு. மாமனார்கிட்ட வந்தா மட்டும் அடைச்சுக்குமா?"

மூக்கிக்குக் காது மடல் சுட்டது. நாத்தனார் மேல் கோபம் வரவில்லை. காலையில் தன் மனசு ரகசியமாகச் சொன்னதை, நாத்தனாரின் வாய் உரக்கச் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார் யாரையும் பார்க்கவில்லை. மடியில் பை தயாராக இருந்தது. "அவளைத் திட்டாதே. நான்தான். கிளம்பலாம்."

"நீங்க இல்ல மாமா!" மூக்கி கத்தியேவிட்டாள். "கல்லு! நாத்தம் அந்தக் கல்லுல!"

"போதும்மா. என் மனசு நோகக்கூடாதுன்னு கல்லு மேல பழியைப் போடுறியா?"

"அண்ணி, நீங்க வெளிய வாங்க. மாமா, நீங்களும் வாங்க. வந்து பாத்துட்டு அப்புறமா கிளம்புங்க. நான் தடுக்கல."

நடைவண்டி கிரீச்சிட, ஊர்வலம் தோட்டத்துக்கு வந்தது. மாமனார் தளத்தில் ஏறினார். நாத்தனார் முந்தானையை எடுக்காமலே பின்னால் ஏறினாள். கணவன் குற்றவாளியாக ஓரத்தில் நின்றான்.

கான்ட்ராக்டர் மட்டும் வீட்டைச் சுற்றிக்கொண்டு வேலியோரமாக வந்தார். வெள்ளைவெளேர் என்று புது ஷூ. போன வாரம் நாத்தனாரின் குதிகாலை விழுங்கிய அதே சேற்றில், கொக்குபோல் பாதம் பாதமாக வைத்து நடந்து, தளத்துக்கு இரண்டடி தள்ளியே நின்றுகொண்டார்.

மூக்கி அந்த ஷூவைப் பார்த்தாள்.

கழுவித் துடைத்த கல்தளம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஆள் சேற்றில் நிற்கிறார்.

"அண்ணா," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "ஏன் சேத்துல நிக்கிறீங்க? கல்லு மேல ஏறி வாங்க."

"இருக்கட்டும்மா. காத்தோட்டமா நிக்கிறேன்."

"ஷூ பாழாகுதே. ஏறி வாங்க."

"பரவாயில்லம்மா."

"ஏறுங்கண்ணா. எங்க மாமனாரை நடக்கவைக்கத்தானே இடம் காட்டி வாங்கச் சொன்னீங்க? நீங்களும் ரெண்டு எட்டு நடங்க."

நாத்தனாரின் முந்தானை மூக்கிலிருந்து மெதுவாக இறங்கியது. "நீங்களா சொன்னீங்க? எந்த இடம்?"

கான்ட்ராக்டர் சிரிக்கப் பார்த்தார். "விலை குறைவா வேணும்னு மச்சான் கேட்டான். கையைக் காட்டினேன். 'கழிவுக் கல்'னு போர்டுலயே கொட்டை எழுத்துல இருக்கு. யாரும் எதையும் மறைக்கல. படிச்சுட்டுத்தானே வாங்கினே, மச்சான்?"

"நான் விலைக் கழிவுன்னு நெனச்சேன் அத்தான்," என்றான் கணவன்.

கான்ட்ராக்டர் வெடித்துச் சிரித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பின்னாலேயே வந்து நின்ற வேலையாட்களைப் பார்த்து, "கேட்டீங்களாடா? கக்கூஸ் கல்லைத் தள்ளுபடின்னு நெனச்சு வாங்கியிருக்கான்!" என்றார். அவர்கள் சிரிக்கவில்லை.

சேற்றில் நின்றுகொண்டு ஈறு தெரிய அவர் சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, காலையில் வேலியோரம் வராத மிச்ச வாந்தி மூக்கியின் தொண்டை வரை வந்தது. கல்லின் நாற்றத்துக்காவது ஒரு காரணம் இருந்தது.

மாமனார் இந்தப் பேச்சில் இல்லை. அவர் குனிந்து, காலடியில் இருந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்க்கால் கோட்டை. பிறகு அந்தத் தலைகீழ் 'ஆ'வை.

"அடப் பாவிகளா," என்றார்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இது எங்க தியேட்டர் ஆம்பளைங்க பக்கம். நான் படம் ஓட்டுற ரூமுக்கு நேர் கீழே. கோடைக்காலத்துல ரெண்டாவது ரீல் மாத்தும்போது மேல ஏறி வரும் பாரு... அடடா! கதாநாயகி திரையில அழுவா, நான் ரூம்ல அழுவேன். நாப்பது வருஷம் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டின இடத்தையாடா கொண்டுவந்து என் ஜன்னலுக்கு அடியில பாவியிருக்கீங்க?"

சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிறுத்தினார். சட்டையின் தோள்பட்டையை மூக்கருகே இழுத்து முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார்.

"அப்போ... நான் இல்ல?"

"நீங்க இல்ல மாமா." மூக்கி அவர் அருகே போனாள். "என்னை மன்னிச்சுடுங்க மாமா. காலையில நான்..."

"சும்மா இரு. நானே என்னை நம்பல, உன்னை என்னன்னு சொல்றது?" மடங்கியிருந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. மருமகனைப் பார்த்தார். "மாப்பிள்ளை, அந்த இடத்தை இடிச்சது யாரு?"

கான்ட்ராக்டர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். "நம்ம ஆளுங்கதான் மாமா. ஆனா கல்லு வித்தவன் வேற. கல்லு கல்லுதானே? நாலு மழை பெஞ்சா சரியாயிடும்."

"நாப்பது வருஷம் தினம் பெஞ்சு இப்படி ஆயிருக்கு. நீ நாலு மழையைச் சொல்றே." மாமனாருக்குப் பழைய நாக்கு திரும்பிவிட்டது. "என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வண்டி கொண்டாந்தே? ஆளுங்களும் இருக்காங்க. வெறும் வண்டியா திரும்பாதே. இந்தக் கல்லை ஏத்து."

"என்ன மாமா விளையாடறீங்க? இதை நான் எங்க கொண்டுபோய்..."

"உன் எட்டாவது மாடிக்குக் கொண்டுபோ. பால்கனியில பாவு. காத்தோட்டமா இருக்கும்."

மூக்கியின் கணவன் உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் கடப்பாரை. அத்தான் முன்னால் சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்யத் தயங்குகிற ஆள். மூலைக் கல்லுக்கு அடியில் கடப்பாரையைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினான். காயாத சிமெண்ட் விட்டுக்கொடுத்தது. கல் எழுந்தது. அடியிலிருந்து கிளம்பிய வாடைக்கு வேலையாட்கள்கூட ஒரு அடி பின்வாங்கினார்கள்.

"ஏத்துங்க அத்தான்," என்றான். "மொத்தமும் கழிவுதான். நீங்களே வச்சுக்கோங்க."

மூக்கிக்கு அந்த நிமிஷம் அவனை இன்னொரு தரம் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கைகால் கழுவின பிறகு.

"நீ என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே?" கான்ட்ராக்டர் மனைவியைப் பார்த்துச் சீறினார். "உங்க அப்பாகிட்டச் சொல்லு! தரைதான் இல்லையே. சேத்துல எங்க நடப்பாரு? பெட்டியில துணியை எடுத்து வை."

நாத்தனார் வெள்ளை ஷூவையும் அது நின்ற சேற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இருந்தது. நாற்றத்துக்குச் சுளிக்கிற சுளிப்பு இல்லை அது. சுளிப்புகளில் மூக்கிக்கு நல்ல அனுபவம் உண்டு. ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்துச் சுளிக்கிற சுளிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"கூடத்துல ஒரு சோபா இருக்கு," என்றாள் நாத்தனார், வேலையாட்களிடம். "நாங்க குடுத்ததுதான். அதையும் தூக்கி ஏத்துங்கப்பா. அதை எடுத்துட்டா அப்பா உள்ளேயே நடக்கலாம்."

கான்ட்ராக்டரின் வாய் திறந்தபடி இருந்தது.

கூடத்திலிருந்து யானை வெளியேறியது. அது நின்ற இடத்தில் தரை பளபளவென்று, இவ்வளவு நாள் யாரும் மிதிக்காத புத்தம் புதுசாக இருந்தது. வாசலிலிருந்து சமையலறை வரை நேராக நடக்கலாம். மாமனார் நடைவண்டியைத் திருப்பிக்கொண்டு, யாரையும் கேட்காமல் உள்ளே போய் நடக்க ஆரம்பித்தார். கிரீச், கிரீச் என்று சக்கரம் போகிற சத்தம் தோட்டம் வரை கேட்டது.

"சிமெண்ட் பலகையே வாங்குவோம்," என்றாள் மூக்கி கணவனிடம். "மெதுவா, ஒவ்வொண்ணா."

"நீயும் வா. முகர்ந்து பாத்து வாங்கலாம்."

வெயில் சாய்வதற்குள் கல்லெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. மேலே சோபா. கான்ட்ராக்டர் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஷூவில் வெள்ளை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"ஏறு," என்றார்.

நாத்தனார் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

அவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மூன்றாவது முறை அடிக்கவில்லை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். தெருமுனை வரை அந்த வாடை வண்டியின் பின்னாலேயே போயிற்று.

"மூக்கி," என்றாள் நாத்தனார். முந்தானை இப்போது கண்ணில் இருந்தது. "காலையில உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னைக்கு ராத்திரி மட்டும் நான் இங்க தங்கிக்கட்டுமா?"

"கேக்கணுமா அண்ணி? முதல்ல காலைக் கழுவிட்டு உள்ள வாங்க."

நாத்தனார் குழாயடிக்குப் போனாள். மாமனாரின் துணிகளை வைக்கக் கொண்டுவந்த பெட்டி வாசலிலேயே கிடந்தது. உள்ளே எடுத்து வைக்கலாம் என்று மூக்கி ஒரு கையால் தூக்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கினாள்.

காலிப் பெட்டி இல்லை அது. பூட்டு இழுபட, பிதுங்கி, ஒரு மனுஷி தன்னுடையதையெல்லாம் அள்ளித் திணித்த கனம் அதில் இருந்தது.